அருவருப்புக்கு ஆறு வார்த்தை

ஆடாமப் பிடி பொற்கொடின்னு சொல்லிட்டுத் தொண்டையைச் செருமிக்கிட்டாரு, நானும் ரெண்டு முழங்கையையும் ஸ்டூல் மேல ஊணிச் செல்போனைப் படுக்க வசத்துல பிடிச்சாச்சு, சிவப்புப் புள்ளி எரியுது, இனிமே இந்த மனுஷன் பாடத்தை முடிக்கிற வரைக்கும் எனக்குத் தும்மல் வந்தாலும் முழுங்கிக்கணும், கொசு கடிச்சாலும் கடிச்சிட்டுப் போன்னு இருக்கணும். ஸ்டாண்டு ஒண்ணு இருந்துச்சு, அதோட கால் உடைஞ்சு மாசக் கணக்காச்சு, புதுசு வாங்குங்களேன்னேன், இன்னும் எத்தனை வீடியோ எடுக்கப் போறேன்னு கேட்டாரு, அப்படியெல்லாம் பேசாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லலை, அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னைக்கு அடுப்புல பாலே இல்ல. சரி, கை ஆடுது, மனசை அலைய விடாத. ஜன்னல் சாத்தியிருக்கு, கதவு சாத்தியிருக்கு, காத்தாடி ஓடலை, இந்த மதுரை வெயில்ல ரூமுக்குள்ள ரெண்டு பேரும் வெந்துக்கிட்டு இருக்கோம். இப்பத்தான் பை மாத்தி முடிச்சோம். இவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு, வயித்துல குழாய் வச்சிருக்காங்க, அது வழியா ஒரு பை மருந்துத் தண்ணியை உள்ள விட்டு, ஊற விட்டு, அப்புறம் கழிவோட சேத்து வடிச்சு வெளிய எடுக்கணும், காலையில மத்தியானம் சாயங்காலம் படுக்கும்போதுன்னு தினம் தினம், அது என் வேலை. அந்த நேரம் காத்தாடி போடக் கூடாது, கிருமி பறந்து வந்து குழாய்ல ஒட்டிக்கிருமாம். வீடியோவுக்கும் காத்தாடி ஆகாது, மைக்குல இரைச்சல் விழும். அதனால ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணு, ஒரே புழுக்கத்துல ரெண்டு வேலை. மேல இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழ லுங்கி, சட்டைக்குள்ள குழாயை மடிச்சுப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டிருக்கேன், பாக்கறவங்களுக்கு அறவாழி சாரோட முகமும் பின்னாடி வெள்ளை போர்டும் மட்டும்தான் தெரியும். இவருக்கு ஒரே மூச்சுலதான் எடுக்க முடியும், இடையில நிறுத்தினா மறுபடி தொடங்கத் தெம்பு இருக்காது. ஆகவே பொற்கொடி வாயைத் திறக்கக் கூடாது. அதென்ன புதுசா, கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தானே.

போர்டுல எழுதியிருக்காரு பாரு தலைப்பு, அருவருப்பு, கசப்பு, ஆறு ஆங்கில வார்த்தைகள்னு. யாருக்குய்யா இது வேணும். பேங்க்ல எப்படிப் பேசறது, இன்டர்வியூவுல என்ன சொல்றதுன்னு போட்டாத்தான் ஜனங்க பாக்குது. யாரோ கமெண்ட்ல கேட்டிருந்தாங்களாம், டிஸ்கஸ்ட்டைத் தவிர வேற வார்த்தையே இல்லையா சார்னு. கேட்டாங்களோ இல்லையோ, நான் கமெண்ட்டெல்லாம் படிப்பேன், அப்படி ஒண்ணும் என் கண்ணுல படலை. வணக்கம் நண்பர்களேன்னு ஆரம்பிச்சுட்டாரு. குரல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, ஸ்கூல்ல கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குமாம், உடம்பு பாதியாப் போயும் குரல் குறையலை. முதல் வார்த்தை டிஸ்கஸ்ட். இவரோட எல்லாப் பாடத்துலயும் ராஜு, ராணின்னு ஒரு புருஷன் பொண்டாட்டி வருவாங்க, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லுவாரு, உடனே தமிழ்ல ஒரு தடவை. எச்சில் தட்டில ஈ மொய்க்கறதைப் பாத்து ராணி டிஸ்கஸ்ட் ஆனாள். சரி, ஆகட்டும். எனக்கு வியாழக்கிழமை நினைப்பு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில கமிட்டி, பெரிய பெரிய டாக்டரெல்லாம் உக்காந்திருப்பாங்களாம், என்னையத் தனியா உள்ள கூப்பிட்டுக் கேப்பாங்களாம், அதையும் வீடியோ எடுப்பாங்களாம், யாராவது உன்னைய வற்புறுத்தினாங்களா, உன் சொந்த இஷ்டத்துலதான் புருஷனுக்குக் கிட்னி குடுக்கிறியான்னு. நாத்தனா பத்மாவதி போன் போட்டு ஒத்திகை பாக்குது, ஏன்டி, திக்காமத் தெணறாமச் சொல்லணும், என் வீட்டுக்காரருக்கு நான் மனசாரக் குடுக்கறேன்னு சொல்லணும், சொல்லு பாப்போம்னு. மனசாரக் குடுக்கறேங்கன்னேன். சத்தமாச் சொல்லுங்குது. அதுக்குச் சுகராம், அதால குடுக்க முடியாதாம், இவரோட தம்பி மஸ்கட்ல இருக்காரு, பாக்கலாம் அண்ணேன்னாரு, அதுக்கப்புறம் போனையே எடுக்கறதில்ல. பொண்ணு தேன்மொழி ஓசூர்ல முழுகாம இருக்கா. மிச்சம் யாரு. பொண்டாட்டி இருக்கும்போது வேற யாரையும் போய்க் கேக்கறது அசிங்கம்டின்னு நாத்தனாதான் முடிச்சு வச்சுது. எனக்கு எடுத்த டெஸ்ட்டோட ரிசல்ட் வந்த அன்னைக்கு இவரு, மேட்ச் ஆயிருச்சாம்னாரு. அவ்வளவுதான். பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு, நான் கேசரி கிண்டினேன். குடுக்கிறியான்னு இந்த வாய் கேக்கலை. நானும் குடுக்கறேன்னு சொல்லலை. கேசரி மட்டும் தின்னோம், இவருக்கு ஒரே ஒரு ஸ்பூன்.

ரெண்டாவது அவெர்ஷன். அதாவது ஒட்டாமை, விலகிப் போகத் தோணறது, அருவருப்புக்கு ஒரு படி கீழங்கறாரு. ராஜுவின் வாய் நாத்தம் ராணிக்கு அவெர்ஷன், அதனால அவள் சுவத்தைப் பாத்துப் படுக்கிறாள். என்னது. இருங்க. இப்ப என்ன சொன்னாரு. மறுபடி இங்கிலீஷ்ல சொல்றாரு, அதே சிரிச்ச முகத்தோட, ஷீ ஸ்லீப்ஸ் ஃபேசிங் த வால். கை ஆடிருச்சு, ஆடலையே, ஆடலை, படம் நேராத்தான் இருக்கு. எல்லாப் பொம்பளையும்தான் சுவத்தைப் பாத்துப் படுக்குறா, இதுல என்ன இருக்கு. கட்டிலே சுவத்தோரமாத்தான கிடக்கு, நான் உள்பக்கம் படுக்கறவ, இந்தப் பக்கம் திரும்பினா சுவர், அந்தப் பக்கம் திரும்பினா இவரு. அந்தப் பக்கம் திரும்பி எத்தனை நாளாச்சு. கிட்னி போனவங்க வாய்ல மூத்திர வாடை வரும்னு நர்ஸ் சொல்லிச்சு, ரத்தத்துல உப்பு ஏறி மூச்சுல வருமாம், அது அவங்க தப்பு இல்லம்மான்னுச்சு. தப்புன்னு நான் சொன்னேனா. எனக்கு இடது பக்கம் படுத்தாத்தான் தூக்கம் வருதுன்னு சொன்னேன். இவரும், ஆமா, இடது பக்கம் படுக்கறதுதான் இதயத்துக்கு நல்லதுன்னாரு. அட கடவுளே, இடது பக்கம்னா எந்தப் பக்கம், நான் படுக்கற கட்டில்ல இடது பக்கம் திரும்பினா இவரைத்தான பாக்கணும். நான் வலது பக்கம் திரும்பிக்கிட்டு இடதுன்னு சொல்லியிருக்கேன், இங்கிலீஷ் வாத்தியாரு, பிள்ளைங்க ஒரு கமா தப்பாப் போட்டாலும் விடாதவரு, ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்காரு. அப்பவே தெரியுமா. இல்ல, எதேச்சையா வந்திருக்கும், வாய்க்கு வந்த உதாரணம், போன பாடத்துல ராணி குடையைத் தொலைச்சா, நான் என்ன குடையையா தொலைச்சேன். தொலைச்சேன்ல. போன மழையில, பெரியார் நிலையத்துல, பஸ்ல விட்டுட்டு வந்தேன்ல.

இதுக்கு நடுவுல அந்த வார்த்தை முடிஞ்சு போயிருச்சு, மிச்சம் என்ன சொன்னாருன்னே நான் கேக்கலை, போர்டுல கோடு போட்டு மூணாவதுக்குப் போயிட்டாரு. நெத்தியில வேர்க்குது, துடைச்சுக்கத் தோணலை அவருக்கு, டேக் நடுவுல துடைக்க மாட்டாரு. ரிவல்ஷன். குமட்டல் கலந்த அருவருப்பு நண்பர்களே, வயித்தைப் புரட்டற மாதிரின்னு சொல்றாரு, தன் வயித்தைத் தொட்டுக் காட்டறாரு, அந்தக் குழாய் இருக்கற இடத்துல. ராணிக்கு ரிவல்ஷன் வந்தது, ஆனாலும் ராஜுவுக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுத்தாள். போச்சு. போச்சு, எல்லாம் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு வடிஞ்ச தண்ணி கலங்கிப் போயிருந்துச்சு, எப்பவும் வெளிர் மஞ்சளா தெளிவா இருக்கும், பைக்கு அடியில பேப்பரை வச்சா எழுத்துப் படிக்க வரணும்னு நர்ஸ் சொல்லியிருந்துச்சு, அன்னைக்கு எழுத்தே தெரியலை, அரிசி கழுவின தண்ணியாட்டம், நூல் நூலா என்னமோ மிதக்குது, உள்ள சீழ் பிடிச்சிருக்குன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒண்ணுமில்லங்க, லேசாக் கலங்கியிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவோம்னு சிரிச்ச முகமாச் சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டுப் போனேன். பாத்ரூம் கதவைச் சாத்தினேன். குழாயை முழுசாத் திறந்தேன், பக்கெட்டுக்குள்ள தண்ணி கொட்டுற சத்தத்துல என் சத்தம் கேக்காதுன்னு நினைச்சேன். மூஞ்சியைக் கழுவி, பொட்டைச் சரி பண்ணி, வெளிய வந்து, காபி கலக்கட்டுமா, அரை டம்ளர் குடிக்கலாம்லன்னு கேட்டேன். குடும்மான்னாரு. அவ்வளவுதான். அந்தக் காபியைக் குடிச்ச வாய்தான் இப்ப இதைச் சொல்லுது. எத்தனை தடவை அப்படிக் குழாயைத் திறந்திருக்கேன். எத்தனை தடவை இவரு கட்டில்ல உக்காந்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. ஊரெல்லாம் சொல்லுது, பொற்கொடி மாதிரி உண்டா, முகம் சுளிக்காமப் பாக்கறான்னு. தெருவுல, மளிகைக் கடையில, ஆஸ்பத்திரியில, அந்த நர்ஸ்கூட. எனக்கு அதுல ஒரு இது. பெருமை. ஆமா, பெருமைதான், சொன்னா என்ன. இந்த ஒரு மனுஷன்கிட்ட மட்டும் அந்தப் பேரு எனக்கு இல்லவே இல்ல போலருக்கு.

ஏன் சொல்றாரு. என்கிட்டச் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்றாரே, இதை ஜனங்க பாக்கும், தேன்மொழி பாப்பா, சம்பந்தி வீட்டுல பாப்பாங்க, ராஜு ராணி நாங்கதான்னு யாருக்கும் தெரியாது, தேன்மொழிக்குத் தெரியுமோ. நிறுத்திரலாமா. கட்டை விரல் பக்கத்துலதான் இருக்கு, அமுக்கினா முடிஞ்சுது, சார்ஜ் போயிருச்சுங்கன்னு சொல்லிரலாம். அமுக்க மாட்டேங்குது விரல். அடுத்து என்ன சொல்லப் போறாருன்னு கேக்கணும் போல இருக்கு, வெக்கங்கெட்ட மனசு. இவரு போர்டுப் பக்கம் திரும்பி ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு, தண்ணி அளவாத்தான் குடிக்கணும், தாகத்துக்கு ஐஸ்தான். திரும்பினாரு. இப்ப நாசியேட்டிங், அதாவது குமட்டற மாதிரின்னு ஒண்ணு சொல்றேன், இது உங்களுக்கு மருந்துக் கடையில கூடப் பயன்படும்னு ஒரு சிரிப்பு. பல வருஷத்துக்கு முன்னாடி, பிள்ளை பெத்த உடம்போட இருந்த ராணிகிட்ட, உன் மேல அடிக்கற பால் வாடை நாசியேட்டிங்கா இருக்கு, தள்ளிப் படுன்னு ராஜு சொன்னான். தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நின்னாரு. அப்புறம் தமிழ்லயும் சொன்னாரு. ராணி அதை மறக்கவில்லைன்னு சேத்துக்கிட்டாரு, அது இங்கிலீஷ்ல இல்ல, தமிழ்ல மட்டும்தான் சொன்னாரு.

அடப் பாவி மனுஷா. நீ மறந்துட்டன்னுல்ல நினைச்சேன். இருவத்தஞ்சு வருஷமா, ஒரு நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒரு சின்ன வயசு ஆம்பளை சொன்ன வார்த்தை, அவனுக்கே ஞாபகம் இருக்காது, இதைப் போய் நீ பெருசா வச்சுக்கிட்டிருக்கியே பொற்கொடின்னு என்னையவே நான் திட்டியிருக்கேன். தேன்மொழி பொறந்து ஒரு மாசங்கூட ஆகலை. ரவிக்கை ரெண்டு பக்கமும் நனைஞ்சு போய்க் கிடக்கும், நான் என்ன செய்வேன், துணியை மடிச்சு வச்சாலும் நிக்காது. தள்ளிப் படுன்னாரு. தலையணையையும் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு வெறுந்தரையில வந்து படுத்தேன். மாசா மாசம் அந்த மூணு நாளும் அப்படித்தான், என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு, சொம்பைக் கீழ வைன்னு கண்ணாலேயே காட்டுவாரு, மூக்கு லேசாச் சுருங்கும், அவ்வளவு லேசா, வேற யாருக்கும் தெரியாது. எங்கம்மா பழக்கம்பாரு. அம்மா பழக்கமாம். எம்.ஏ. இங்கிலீஷ் படிச்ச வாத்தியாருக்கு. இப்ப அந்த உடம்புக்குள்ளருந்துதான் ஒரு துண்டை அறுத்து எடுத்து இவரு உடம்புக்குள்ள வைக்கணும், அது உள்ள கிடந்து சுரந்துக்கிட்டே இருக்கணும், அப்ப மட்டும் வாடை அடிக்காதா. சே, என்ன பேச்சு இது. நோயாளி. பாவம், கழுத்தெலும்பு தெரியுது. தோலெல்லாம் கறுத்து, சொறிஞ்சு சொறிஞ்சு விரிப்புல வெள்ளையா உதிர்ந்து கிடக்கும், காலையில தட்டறது நான். தட்டும்போது மூச்சை அடக்கிக்கறேன். அதையும் பாத்திருப்பாரு. எதைப் பாக்கலை. நான் இவரைப் பாத்து அருவருக்கறதையெல்லாம் இவரு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, இவரு என்னையப் பாத்து அருவருத்ததை நான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன், ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பாடு போட்டுக்கிட்டு, உப்புப் போதுமாங்கன்னு கேட்டுக்கிட்டு. கொடுமையே. என்ன குடும்பம்டா இது.

பயம்மா இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை, இப்ப என்கிட்டயே சொல்லிக்கறேன், பயம்மா இருக்கு. விலா எலும்புக்குக் கீழ கீறுவாங்களாம், இப்பெல்லாம் சின்ன ஓட்டைதான்மா, ஒரே வாரத்துல நீங்க சமைக்கலாம்னு அந்தச் சின்ன டாக்டர் சொன்னாரு. சமைக்கலாமாம். அதைக் கேட்டு நாத்தனா சந்தோஷப்பட்டுச்சு. என்னைய மயக்கம் போட்டுப் படுக்க வச்சு, நான் எந்திரிக்கலைன்னா. எந்திரிச்சாலும் மிச்சம் இருக்கற ஒண்ணும் போச்சுன்னா, எனக்கு யாரு குடுப்பா. இவரா. யோசிச்சுப் பாரு, மாத்தி யோசிச்சுப் பாரு பொற்கொடி, என் கிட்னி போயி இவரு நல்லா இருந்தா, நாத்தனா இவருக்குப் போன் போட்டு ஒத்திகை பாத்திருக்குமா. ஆஸ்பத்திரி வராந்தாவுல பாத்தேனே, குடுக்க வந்து உக்காந்திருந்தது பூராம் சேலைதான், பொண்டாட்டி, அம்மா, அக்கா. ஒரே ஒரு ஆம்பளை இருந்தாரு, அவரும் கூட வந்தவராம். எல்லாரும் எங்களைப் பாத்து, மவராசி, தெய்வம்மா நீன்னாங்க. தெய்வத்துக்கிட்ட யாரும் இஷ்டமான்னு கேக்கறதில்ல. ரிஸென்ட்மென்ட்னு சொல்லிக்கிட்டிருக்காரு, அஞ்சாவதாம், நான் கேட்டும் கேக்காமலும் இருக்கேன், மனசுக்குள்ளேயே வச்சுப் புழுங்கறது, வெளிய சொல்லாத கோபம்கிறாரு. அதுக்கு ராஜு ராணியே வரலை. பேனாவை மூடி வச்சுட்டாரு. மூச்சு வாங்குது அவருக்கு. உக்காருங்கன்னு சொல்லலாம், டேக் நடக்குது.

கடைசி வார்த்தை பிட்டர்னெஸ். கசப்பு. நண்பர்களே, எனக்கு இப்பல்லாம் எதைத் தின்னாலும் வாய் கசக்குதுன்னு சொன்னாரு, எனக்குத் திக்குனு ஆச்சு, வீடியோவுல ஒரு நாளும் தன் நோவைப் பத்தி மூச்சு விட்டதில்ல. நாக்குல இருக்கற கசப்புக்கும் இதே வார்த்தைதான், மனசுல இருக்கறதுக்கும் இதே வார்த்தைதான். இதுக்கு நான் உதாரணம் சொல்லப் போறதில்லன்னாரு. எப்பவும் முடிக்கும்போது, நீங்களே ஒரு வாக்கியம் எழுதி கமெண்ட்ல போடுங்கம்பாரு, அதைத்தான் சொல்லப் போறாருன்னு நானும் விரலைத் தயாரா வச்சேன். சொல்லலை. லென்ஸைப் பாத்துக்கிட்டிருந்த கண்ணு மேல ஏறி என் முகத்துக்கு வந்துச்சு. "பொற்கொடி"ன்னாரு. டேக் ஓடிக்கிட்டிருக்கு, என் பேரைச் சொல்றாரு. "நான் ஒண்ணு கேக்கறேன். வியாழக்கிழமை அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கேக்கணும்ல. நியாயமாப் பாத்தா நான்தான் மொதல்ல கேட்டிருக்கணும். எனக்குக் கிட்னி குடுக்க உனக்கு இஷ்டமாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். மனசாரக் குடுக்கறேங்க. அதுதான் நாக்கு நுனியில இருக்கு, நாத்தனா சொல்லிக் குடுத்து, நான் குளிக்கும்போது சொல்லிப் பாத்து, திக்காமத் தெணறாம, சத்தமா. கண்ணுல தண்ணி வேற வந்துருச்சு, இப்ப அதைச் சொன்னா நல்லாயிருக்கும், ரெண்டு பேரும் அழுவோம், அழுது முடிச்சா எல்லாம் லேசாயிரும், என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க, உங்களுக்கு இல்லாத உடம்பான்னு சொல்லிரு, சொல்லு பொற்கொடி, எவ்வளவு நேரம் மனுஷனைக் காக்க வைப்ப. கேட்டுட்டாருல்ல. ஒரு வழியாக் கேட்டுட்டாருல்ல, இதுக்காகத்தானே இத்தனை நாளு. கேட்டா குடுத்துருவேன்னுதான் நானும் நினைச்சிருந்தேன், சாமி சத்தியமா, கேக்கலைங்கறதுதான் குறைன்னு நினைச்சிருந்தேன்.

"இல்லைங்க"ன்னேன்.

யாரு சொன்னாங்கன்னு ஒரு நொடி தெரியலை. என் குரல்தான். மைக்குல விழுந்திருக்கும். "இஷ்டமில்லைங்க. எனக்குப் பயம்மா இருக்கு. பயம் மட்டுமில்ல, நீங்க சொன்னீங்கள்ல, அதெல்லாமும் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லத் தெரியலை." கை இப்பத்தான் நிஜமாவே ஆடுது, செல்போன் சரிஞ்சு ஸ்டூல் மேல கவுந்திருச்சு, நான் எடுக்கலை. இவரு முகத்தைப் பாத்தேன். அந்த முகத்துல ஒரு சிரிப்பு பாதி வந்து நிக்குது, நல்லாப் படிக்கற பிள்ளை எந்திரிச்சு நின்னா, பதில் வர்றதுக்கு முன்னாடியே வெரிகுட்னு சொல்லத் தயாரா வச்சிருப்பாரே, அந்தச் சிரிப்பு. அது மெதுவா இறங்கிப் போச்சு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, இந்த மனுஷன் நிஜமாக் கேக்கலை. அவரு கேட்டதா நினைச்சுதான் கேட்டிருப்பாரு, பாவம், உள்ளதையெல்லாம் எடுத்து வச்சு, தன்னையும் விட்டுக் குடுத்து, இனி என்ன மிச்சம், இவ அழுதுக்கிட்டே சரின்னுருவான்னு நம்பி நின்னிருக்காரு. இல்லைன்னு ஒரு பதில் இந்த வீட்டுல வரும்னு அவருக்குத் தோணவே இல்ல. எனக்கும்தான் தோணலை. கைய வயித்து மேல வச்சுக்கிட்டாரு, சட்டைக்கு மேல. "அப்ப நான்"ன்னு ஆரம்பிச்சாரு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற அந்தக் குரல் எனக்கே கேக்கலை. "அப்ப நான் என்ன பண்றது"ன்னாரு.

சும்மா சொன்னேங்கன்னு சொல்லிரலாம். இப்பக்கூடச் சொல்லிரலாம், ஓடிப் போய்க் கையப் பிடிச்சுக்கலாம், பயத்துல உளறிட்டேன், விடுங்கன்னா விட்டுருவாரு, மேல பேச மாட்டாரு, வியாழக்கிழமை போவோம், நான் உள்ள போயிச் சத்தமாச் சொல்லுவேன், ஊரு தெய்வம்னு சொல்லும். எந்திரிச்சேன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "சாயங்காலத்துப் பையை நான் மாத்துவேங்க. நாளைக்கும் மாத்துவேன். எத்தனை வருஷமானாலும், வாந்தி வந்தாலும் மாத்துவேன், விட்டுட்டெல்லாம் போக மாட்டேன். கிட்னி மட்டும் என்னால குடுக்க முடியாது. வியாழக்கிழமை கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்." இவரு நாற்காலியைத் தடவிப் பிடிச்சு உக்காந்தாரு, என்னைய இன்னைக்குத்தான் மொத மொதப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தாரு. சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கலை.